ஹவுன்ஸ்லோவின் மேலைக் காற்றும் எமது வாடையும்

ஹவுன்ஸ்லோவிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் வாழும் எம்மவர்க்கு விமான இரைச்சல் பழகிப்போன ஒன்று. ஹீத்றோ விமானநிலையம் எமது குடியிருப்புகளுக்கு மேற்கே சில கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. ஆண்டில் ஏறத்தாழ 70 வீதமான காலத்தில் விமானங்கள் கிழக்கேயிருந்து வந்து, எமது கூரைகளுக்கு மேலாகத் தாழ்ந்து இறங்குகின்றன. எஞ்சிய காலத்தில் அவை வின்சர் பக்கமாக வந்து இறங்கி, எமது பக்கமாக மேலெழுகின்றன. இதனைத் தீர்மானிப்பது முதன்மையாகக் காற்றேயாகும். காற்றை எதிர்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமே விமானங்களுக்குப் பாதுகாப்பானது. எனவே தலைக்கு மேலே செல்லும் விமானத்தைப் பார்த்தே அன்றைய காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது என்பதை இங்குள்ளோர் பெரும்பாலும் கூறிவிடலாம்.

ஹீத்றோ அமைக்கப்பட்ட ஆரம்ப காலத்தில் அங்கு பல திசைகளை நோக்கிய ஆறு ஓடுபாதைகள் திட்டமிடப்பட்டு இடப்பட்டன. அக்காலத்துச் சிறிய விமானங்களைப் பக்கக் காற்று எளிதில் தள்ளிவிடும் என்பதே அதற்குக் காரணம். விமானங்கள் பெருத்துக் கனத்த பின்னர் மற்றையவை கைவிடப்பட்டு, கிழக்கு மேற்காக அமைந்த இரண்டு மட்டுமே நிலைத்தன. மேற்கு நோக்கி இறங்கும் விமானிகளுக்காக அவற்றின் கிழக்கு முனையில் எழுதப்பட்டுள்ள 27 என்னும் இலக்கம் 270 பாகையை, அதாவது நேர் மேற்குத் திசையைக் குறிப்பதாகும். இந்நாட்டின் காற்று பெரிதும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது என்ற உண்மை அந்தக் கொங்கிறீற்றிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது.

எமது தாயகத்திலோ காற்றுக்கு நான்கு பெயர்கள் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது சோளகம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். இவற்றுள் வாடையும் சோளகமும் ஆண்டை இரண்டாகப் பங்கிட்டுக் கொள்கின்றன. அங்கு காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகின்றது. இங்கு அது ஒரே திசையையே பெரிதும் பற்றி நிற்கின்றது. இவ்விரண்டையும் இயக்குவது ஒரே சூரியன்தான். அந்த ஒரே சூரியன் எவ்வாறு இரு வேறு காற்றுகளைத் தோற்றுவிக்கின்றது என்பதையும், அக்காற்றோடும் கடலோடும் எமது மக்களின் வாழ்வு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

சமனற்ற பங்கீடு

சூரியனிலிருந்து புறப்படும் ஒளி பூமியின் வளிமண்டல விளிம்பை அடையும்போது, அதனை நேராக எதிர்கொள்ளும் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஏறத்தாழ 1,361 வாற்று வலு கிடைக்கின்றது. பூமி உருண்டையாக இருப்பதாலும் அதன் ஒரு பாதி எப்போதும் இருளில் இருப்பதாலும், உலகம் முழுவதற்கும் சராசரியாகப் பார்த்தால் இது ஏறத்தாழ 340 வாற்று ஆகக் குறைகின்றது. இதிலும் 30 வீதமளவு முகில்களாலும் பனியாலும் வெளிறிய நிலங்களாலும் திருப்பி அனுப்பப்படுகின்றது. எஞ்சியதே உலகத்தின் காற்றையும் கடலோட்டத்தையும் மழையையும் இயக்கும் முதல்.

இம்முதல் சமமாகப் பகிரப்படுவதில்லை. டிசெம்பர் 21ஆம் நாளளவில் இலண்டனில் நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்துக்கே ஏறுகின்றது. பகற்பொழுதும் எட்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு சரிவாக விழும்போது, ஒரு சதுர மீற்றர் அகலமான ஒளிக்கற்றை தரையில் ஏறக்குறைய நான்கு சதுர மீற்றரிற் பரந்துவிடுகின்றது. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும். பகலும் பதினொன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்கும். சித்திரைப் புத்தாண்டு வரும் ஏப்பிரல் நடுப்பகுதியிலோ யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அப்போது நாட்டிய கம்புக்கு நண்பகலில் நிழலே இராது. ஓகஸ்ட் இறுதியில் மீண்டும் ஒருமுறை இது நிகழும்.

இங்கு வியப்பான ஒன்றையும் குறிப்பிட வேண்டும். யூன் மாதத்தில் இலண்டனின் பகல் பதினாறரை மணித்தியாலம் நீள்வதால், முகிலைக் கருதாது பார்த்தால், அந்நாட்களில் இவ்விடத்துக்கு வந்து சேரும் சூரிய வலு யாழ்ப்பாணத்துக்கு வருவதிலும் அதிகம். ஆயினும் முழு ஆண்டையும் கணக்கிட்டால் இலண்டனுக்குக் கிடைப்பது யாழ்ப்பாணத்துக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. இவ்வாறே மத்தியகோட்டின் இரு மருங்கிலும் 35 முதல் 40 பாகை வரையான அகலக்கோடுகளுக்கு உட்பட்ட பகுதி, தான் விண்வெளிக்கு இழப்பதிலும் கூடுதலான வெப்பத்தைப் பெறுகின்றது. அதற்கு அப்பாற்பட்ட பகுதிகள் பெறுவதிலும் கூடுதலாக இழக்கின்றன.

அவ்வாறாயின் அயனமண்டலம் ஆண்டுக்கு ஆண்டு கொதித்துக்கொண்டே போகவும், ஐரோப்பா ஆண்டுக்கு ஆண்டு உறைந்துகொண்டே போகவும் வேண்டுமல்லவா? அப்படி நிகழவில்லை. ஏனெனில் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வெப்பத்தை இடைவிடாது சுமந்து செல்லும் இரு சுமைகாரர்கள் உளர். ஒருவர் காற்று; மற்றவர் கடல். 51.5 பாகை வடக்கில் அமைந்த ஹவுன்ஸ்லோ, தனக்கு நேராகக் கிடைக்கும் வெயிலை மட்டும் நம்பி வாழும் ஊரன்று. தெற்கிலிருந்து சுமந்து வரப்பட்ட வெப்பத்திலும் பங்கு பெற்று வாழும் ஊர்.

இலண்டனில் எழுதப்பட்ட விடைகள்

காற்று ஏன் வீசுகின்றது என்ற வினாவுக்கு அறிவியல் முறையிலான முதல் விடைகளுட் சில இந்த இலண்டன் நகரிலேயே வெளியாயின. வால்வெள்ளியின் பெயரால் உலகறிந்த எட்மண்ட் ஹலி 1686ஆம் ஆண்டில் ரோயல் சொசைற்றியின் ஏட்டில், அயனமண்டலக் கடல்களின் வியாபாரக் காற்றுகள் பற்றியும் பருவப்பெயர்ச்சிக் காற்றுகள் பற்றியும் ஒரு கட்டுரையை வெளியிட்டார். தாம் சென்ஹெலினாத் தீவுக்குச் சென்ற பயணத்திற் கண்டவற்றையும் மாலுமிகளிடம் கேட்டறிந்தவற்றையும் திரட்டி, கடல்களின் மேலே காற்றின் திசையைச் சிறு கோடுகளாற் காட்டும் படத்தையும் அவர் இணைத்தார். எமது இந்து சமுத்திரத்தில் காற்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்புவதும் அப்படத்தில் இடம்பெற்றது. சூரியனால் சூடேறிய வளி இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த வளி வருவதே காற்று என்பது அவரது விளக்கம்.

இதனை விளங்கிக்கொள்ள எமது வீடுகளே போதும். இந்நாட்டு வீடுகளில் வெப்பமூட்டியைப் பெரும்பாலும் யன்னலின் கீழேயே பொருத்துவர். வெப்பமூட்டியின் மேலுள்ள வளி சூடேறி எழுந்து, கூரையோரமாக அறையின் மறுபக்கம் சென்று, குளிர்ந்து இறங்கி, தரையோரமாகத் திரும்பி வரும். வெப்பமூட்டி ஓரிடத்தில் நிற்க, வெப்பம் அறை முழுவதும் நடமாடும். மத்தியகோட்டுப் பகுதி உலகத்தின் வெப்பமூட்டி எனலாம். அங்கு எழும் வளி உயரே வடக்கும் தெற்குமாகப் பிரிந்து சென்று, ஏறத்தாழ 30 பாகை அகலக்கோட்டில் இறங்குகின்றது. இறங்கும் வளி வரண்டது, முகிலைக் கரைப்பது. சகாராவும் அரேபியப் பாலைவனமும் அவ்விடங்களில் அமைந்தமைக்கு இதுவே பெருங்காரணம். இறங்கிய வளியில் ஒரு பகுதி தரையோரமாக மத்தியகோட்டை நோக்கித் திரும்புகின்றது.

ஆனால் ஹலியால் ஒன்றைச் சரிவர விளக்க முடியவில்லை. மத்தியகோட்டை நோக்கித் திரும்பும் காற்று நேர் வடக்கிலிருந்து வராது, வடகிழக்கிலிருந்து வருவது ஏன்? இதற்கு 1735இல் விடை தந்தவர் ஜோர்ஜ் ஹட்லி என்னும் இலண்டன் வழக்கறிஞர். பூமி சுழல்கின்றது, அச்சுழற்சியின் வேகம் எங்கும் ஒன்றன்று என்பதை அவர் சுட்டிக்காட்டினார். மத்தியகோட்டில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீற்றர் வேகத்திற் கிழக்கு நோக்கி ஓடுகின்றது. ஹவுன்ஸ்லோவில் அவ்வேகம் ஏறத்தாழ 1,040 கிலோமீற்றர் மட்டுமே. மெதுவாகச் சுழலும் இடத்திலிருந்து விரைவாகச் சுழலும் இடத்துக்கு வரும் வளி பின்தங்கிவிடுகின்றது. ஆகவே அது கிழக்கிலிருந்து வருவதுபோல வீசுகின்றது. மத்தியகோட்டுப் பக்கமிருந்து வடக்கே போகும் வளி முந்திக்கொள்கின்றது. ஆகவே அது மேற்கிலிருந்து வருவதாகின்றது. ஹட்லியின் கணக்கைப் பிற்காலத்தவர் திருத்தினர். சுழலும் பொருளின்மீது இயங்கும் எதுவும் விலகிச் செல்லும் விதத்தைப் பிரான்சின் கொரியோலிஸ் 1835இல் கணிதமாக வகுத்தார். எனினும் ஹட்லி காட்டிய வழி சரியானதே. அயனமண்டலச் சுற்றோட்டம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

30 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட மேலைக் காற்று மண்டலத்தில் ஹவுன்ஸ்லோ அமைந்துள்ளது. தெற்கின் சூடான வளியும் வடக்கின் குளிர்ந்த வளியும் இங்குதான் மோதுகின்றன. அந்த எல்லையின் மேலே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் உயரத்தில் ஓடும் விரைவான காற்றாறே தாரைக் காற்று. ரொறன்ரோவிலிருந்து ஹீத்றோவுக்கு வரும் உறவினர், திரும்பிப் போகும்போது பயணம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் நீள்வதைக் காண்பர். வரும்போது அக்காற்று விமானத்தைத் தள்ளுகின்றது, போகும்போது எதிர்க்கின்றது.

ரொறன்ரோவும் இலண்டனும்

ரொறன்ரோவைப் பற்றிப் பேசும்போது மற்றுமொரு வினாவும் எழும். அந்நகரம் இலண்டனிலும் ஏறத்தாழ எட்டுப் பாகை தெற்கே அமைந்தது. அங்கு வெயில் கூடுதலாக விழுகின்றது. ஆயினும் சனவரியில் ரொறன்ரோவின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே செல்ல, இலண்டனில் அது 5 அல்லது 6 பாகை செல்சியசில் நிற்கின்றது. சூரியனின் உயரம் மட்டுமே காலநிலையைத் தீர்மானிப்பதாயின் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

நீர் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே குளிர்வது. கோடையில் அத்திலாந்திக் சேமித்த வெப்பத்தை மேலைக் காற்று மாரியில் பிரித்தானியாவுக்குக் கொண்டுவருகின்றது. ரொறன்ரோவுக்கு வரும் மேலைக் காற்றோ உறைந்த பெருநிலத்தின் மேலாக வருவது. இதனோடு கடலோட்டமும் சேர்கின்றது. வியாபாரக் காற்று அத்திலாந்திக் நீரை மேற்கே தள்ள, மேலைக் காற்று அதனைக் கிழக்கே தள்ள, கடல்நீர் பெருஞ்சுழலாகச் சுற்றுகின்றது. அச்சுழலின் மேற்கு விளிம்பில், அமெரிக்கக் கரையோரமாக விரைந்தோடுவதே வளைகுடா நீரோட்டம். புளோரிடா நீரிணையில் அது வினாடிக்கு ஏறத்தாழ மூன்று கோடி கன மீற்றர் நீரைச் சுமக்கின்றது. உலகின் ஆறுகள் அனைத்தும் ஒன்றுசேர்ந்து கடலிற் கொட்டுவது இதில் இருபதில் ஒரு பங்கும் இல்லை.

இந்நீரோட்டத்தை முதன்முதலிற் படமாக வரைந்து அச்சிட்டவர்களுள் ஒருவர், அக்காலத்தில் இலண்டனில் தங்கியிருந்த பெஞ்சமின் பிராங்கிளின். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா செல்லும் தபாற் கப்பல்கள் வணிகக் கப்பல்களிலும் பல நாட்கள் பிந்திச் சேர்வது ஏன் என்பதை ஆராய்ந்தபோது, திமிங்கில வேட்டையாடிய மாலுமியான உறவினர் திமோதி போல்ஜர் அவருக்கு விடை கூறினார்: தபாற் கப்பல்கள் ஒரு பேராற்றுக்கு எதிராகச் செல்கின்றன என்பதே அது. கடலை அறிந்தவன் அக்கடலிலேயே உழைப்பவன் என்பதற்கு இது ஒரு சான்று.

எமது மக்களும் அத்திலாந்திக்கும்

எமது மக்களிடையேயும் அவ்வாறு கடலை அறிந்தோர் பலர் இருந்தனர். வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்கள் பர்மாவின் அக்கியாப், இரங்கூன் துறைகளுக்குச் சென்று அரிசியும் தேக்கும் ஏற்றி வந்த காலத்தில், அவற்றின் இயந்திரம் பருவப்பெயர்ச்சிக் காற்றே. எக்காற்றிற் புறப்பட்டு எக்காற்றில் திரும்புவது என்பது தண்டயல்களின் மனப்பாடம். அங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அக்கப்பலைச் சூயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் வழியாகச் செலுத்தி, அத்திலாந்திக்கைக் கடந்து, 1938ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்திற் சேர்த்தனர். வாடையையும் சோளகத்தையும் அறிந்த கைகள் அத்திலாந்திக் காற்றையும் ஆண்டன.

அதற்கு 48 ஆண்டுகளின் பின்னர், அதே சமுத்திரத்தில் எம்மவர் வேறொரு நிலையிற் காணப்பட்டனர். 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள், நியூபவுண்ட்லாந்துத் தீவின் தென்முனையிலுள்ள சென் ஷொட்ஸ் ஊருக்கு அப்பால், திறந்த இரு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழ் அகதிகள் பனிமூட்டத்தினிடையே மிதந்துகொண்டிருந்தனர். மேற்கு ஜேர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுச் சென்றுவிட்டது. கஸ் டால்ரன் என்னும் மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு காப்பாற்றினார்.

ஓகஸ்ட் மாதத்திற் பனிமூட்டம் எவ்வாறு வந்தது? அக்கடற்பரப்பு உலகிலேயே மிகுந்த மூடுபனி நிலவும் இடங்களுள் ஒன்று. வடக்கிலிருந்து பனிப்பாறைகளைச் சுமந்துவரும் லப்ரடோர் நீரோட்டம் அவ்வழியே தெற்காகப் பாய்கின்றது. 1912இல் டைட்டானிக் கப்பலை மூழ்கடித்த பனிப்பாறையைத் தெற்கே கொணர்ந்ததும் இந்நீரோட்டமே. வளைகுடா நீரோட்டத்தின் மேலிருந்து வரும் ஈரமான இளஞ்சூட்டுக் காற்று இக்குளிர்நீரின் மேலே படரும்போது அதிலுள்ள நீராவி ஒடுங்கி மூடுபனியாகின்றது. தெற்கில் விழுந்த வெயிலும் வடக்கில் உருகிய பனியும் சந்திக்கும் அந்த எல்லையில், வெள்ளைத் திரைக்குள்ளே எமது மக்கள் திசையறியாது இருந்தனர். கோடையிலும் அந்நீர் மனிதரை விறைக்கச் செய்யும் குளிருடையது. மீனவர் ஒருவரின் கண்ணிற் படாதிருந்திருப்பின் அவர்களின் கதை எங்கும் எழுதப்பட்டிராது.

அடுத்த ஆண்டில் மேலைக் காற்று இங்கிலாந்திலேயே எம்மவர் வாழ்வில் குறுக்கிட்டது. 1987இல் பிரித்தானிய அரசு 'ஏர்ள் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலை ஹரிச் துறைமுகத்தில் நிறுத்தி, புகலிடம் கோரியோரை அதிலே தடுத்து வைத்திருந்தது. அவர்களுட் பலர் தமிழர். ஒக்ரோபர் 16ஆம் நாள் அதிகாலையில் தென் இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயலில் அக்கப்பல் கட்டுகளை அறுத்துக்கொண்டு அடித்துச் செல்லப்பட்டுத் தரைதட்டியது. அதன் பின்னர் அது தடுப்பு நிலையமாகப் பயன்படுத்தப்படவில்லை. அன்றிரவு பிரித்தானியாவில் 18 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. ஹவுன்ஸ்லோவுக்கு அண்மையிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவில் மட்டும் 700 மரங்கள் வீழ்ந்தன. தெற்கின் சூடான ஈரவளியும் வடக்கின் குளிர்வளியும் பிஸ்கே விரிகுடாப் பக்கத்தில் வழமைக்கு மாறான வெப்ப வேறுபாட்டுடன் சந்தித்தமையே அப்புயலுக்கு வலுவூட்டியது. காவலிட்டுக் கட்டிய கப்பலை அவிழ்த்துவிட்ட அக்காற்றும், வெயிலின் சமனற்ற பங்கீட்டிலிருந்து பிறந்ததே.

வாடை தரும் நீர்

இனி எமது ஊர்க் காற்றுக்கு வருவோம். பெருநிலம் கடலைவிட விரைவாகச் சூடேறி விரைவாகக் குளிர்வது. வடகோளக் கோடையில் ஆசியப் பெருநிலம் சூடேற, அங்கு தாழமுக்கம் தோன்றுகின்றது. தென்கோளத்திலிருந்து வரும் வளி மத்தியகோட்டைத் தாண்டிய பின்னர் பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேற்கிலிருந்து வீசுகின்றது. இதுவே சோளகம். இக்காற்று தன் மழையை இலங்கையின் தென்மேற்கிலும் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் கொட்டிவிட்டு வரண்டு வருவதால், யாழ்ப்பாணத்துக்குப் புழுதியையே கொண்டுவருகின்றது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் அதே காற்றை மட்டக்களப்பு மக்கள் அனல் வீசும் கச்சானாக அறிவர்.

மாரியில் எல்லாம் மறுபக்கம் புரள்கின்றன. ஆசியா குளிர்ந்து உயரமுக்கமாக, காற்று அங்கிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. வங்காள விரிகுடாவின் மேலே வரும்போது அது நீராவியை உறிஞ்சிக்கொண்டு ஈழத்தின் வடக்கு கிழக்கிலும் தமிழ்நாட்டின் கரையோரத்திலும் மழையாக இறக்குகின்றது. இதுவே வாடை. கடலும் காற்றைப் பின்பற்றித் திரும்புகின்றது. இலங்கையின் தெற்கே கோடையில் கிழக்கு நோக்கி ஓடும் நீரோட்டம் மாரியில் மேற்கு நோக்கி ஓடுகின்றது. ஆண்டுதோறும் இவ்வளவு பரந்த அளவில் நீரோட்டம் தலைகீழாகும் சமுத்திரம் இந்து சமுத்திரம் ஒன்றே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் வாடை மழையே சுண்ணக்கல்லினூடாக இறங்கி, நிலத்தடியில் உப்புநீரின் மேலே நன்னீராக மிதக்கின்றது. எமது கிணறுகளும் தோட்டங்களும் அதனையே நம்பியுள்ளன. அம்மழை பொய்த்தால் கிணற்றில் உவர் ஏறும்.

பருவக்காற்று பொய்த்தால் நிகழக்கூடியதைத் தமிழர் வரலாறு மறக்கவில்லை. 1876ஆம் ஆண்டு மழை பொய்த்ததைத் தொடர்ந்து வந்த தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். பட்டினியால் வாடிய பலர் கடல் கடந்து இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்றனர். மழையின்மையோடு, பஞ்சக் காலத்திலும் தானியத்தை ஏற்றுமதி செய்ய அனுமதித்த ஆட்சியாளரின் கொள்கையும் அச்சாவுகளுக்குப் பொறுப்பாகும்.

1899இலும் இந்தியாவிற் பருவமழை பொய்த்தது. இத்தகைய பொய்ப்பை முன்கூட்டி அறிய முடியுமா என ஆராயும் பணியை 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பதவியை ஏற்ற கில்பேட் வோக்கர் என்னும் கணித அறிஞர் மேற்கொண்டார். உலகின் பல இடங்களின் வளியமுக்கக் கணக்குகளை ஒப்பிட்ட அவர், பசிபிக் சமுத்திரத்தில் அமுக்கம் கூடும்போது இந்து சமுத்திரத்தில் குறைவதையும், அங்கு குறையும்போது இங்கு கூடுவதையும் கண்டார். தென்னலைவு என அவர் பெயரிட்ட இந்த ஊசலாட்டம், பசிபிக் நீர் சூடேறும் எல் நினோவுடன் பிணைந்தது என்பதை 1969இல் யாக்கோப் பியர்க்னஸ் விளக்கினார். 1877ஆம் ஆண்டிலும் கடும் எல் நினோ நிலவியதைப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை குன்றும் வாய்ப்பு மிகுகின்றது. எமது வாடை மழையோ அவ்வாண்டுகளில் பெரும்பாலும் மிகுதியாகின்றது. வோக்கர் 1924இல் இலண்டன் திரும்பி இம்பீரியல் கல்லூரியிற் பேராசிரியரானார்.

மாறிவரும் கணக்கு

சூரியன் தரும் வெப்பம் ஏறக்குறைய மாறாதுள்ளது. மாறிவருவது, அவ்வெப்பம் விண்வெளிக்குத் திரும்பும் அளவே. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் எழும் காபனீரொட்சைட்டு, பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுக்கின்றது. 1859இல் ஜோன் ரின்டல் இலண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூசனில் இத்தகைய வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சுவதை அளந்து காட்டினார். அன்னபூரணி அம்மாள் அத்திலாந்திக்கைக் கடந்த அதே 1938இல், கை கலண்டர் என்னும் நீராவிப் பொறியியலாளர், உலகம் ஏற்கனவே சூடேறி வருகின்றது என இலண்டனில் அறிஞர்முன் எடுத்துரைத்தார். அன்று நம்பியோர் சிலரே. கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு 2023இல் 420ஐத் தாண்டியது. 2022ஆம் ஆண்டு யூலை 19ஆம் நாள் ஹீத்றோவில் 40.2 பாகை செல்சியஸ் பதிவானது. 2024ஆம் ஆண்டு உலக வரலாற்றிற் பதிவான ஆண்டுகளுள் மிக வெப்பமானதாயிற்று.

மிகுதியாகத் தங்கும் வெப்பத்தில் 90 வீதத்துக்கு மேல் கடலுக்குள்ளேயே செல்கின்றது. சூறாவளிகள் தம் வலுவைக் கடலின் வெப்பத்திலிருந்தே பெறுகின்றன. கடல் மேற்பரப்பு 26 பாகைக்கு மேல் சூடேறினாலன்றி அவை பெரும்பாலும் உருவாவதில்லை. 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும், 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்து ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் காவுகொண்டதும் வாடைக் காலத்துச் சூறாவளிகளே. 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயல் கொணர்ந்த மழை, போரால் இடம்பெயர்ந்து வன்னியிற் கூடாரங்களில் வாழ்ந்தோரை வெள்ளத்தில் ஆழ்த்தியது. வளியின் வெப்பநிலை ஒரு பாகை கூடும்போது அது ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே பெய்யும்போது பெருமழையாகவே பெய்யும் வாய்ப்பு மிகுகின்றது. ஒரே நாளிற் கொட்டும் மழை கடலுக்கு ஓடிவிடும்; பல நாட்கள் நின்று பெய்யும் மழையே கிணற்றுக்கு இறங்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் பொறுத்தவரை மழையின் மொத்த அளவு மட்டுமன்றி அது பெய்யும் விதமும் உயிர்ப் பிரச்சினையாகும்.

அத்திலாந்திக்கில் வெப்பத்தை வடக்கே கொண்டுவரும் பெருஞ்சுற்றோட்டமும் இந்நூற்றாண்டில் வலுக்குறையும் என்பதே 2021இல் வெளிவந்த சர்வதேச அறிஞர் குழுவின் மதிப்பீடு. எவ்வளவு விரைவாகக் குறையும் என்பதில் ஆய்வாளரிடையே விவாதம் தொடர்கின்றது. ஆகவே இம்மாற்றத்தில் இலண்டன் பாதுகாப்பான கரை, யாழ்ப்பாணம் ஆபத்தான கரை என்று எவரும் பிரித்துப் பேச இயலாது. இரண்டும் ஒரே பொறியின் இரு முனைகள்.

ஊரில் மீனவரும் தோட்டக்காரரும் காற்றின் மணத்தையும் முகிலின் நிறத்தையும் கொண்டு பருவத்தை அறிந்தனர். அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது. முதியோரின் நினைவில் மட்டுமே இருப்பது. வாடை எந்நாளிற் பெயர்ந்தது, சோளகம் எப்போது விழுந்தது, எவ்வாண்டிற் கிணறு உவர்த்தது என்பவற்றை எம்மிடையே வாழும் முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பது, தமிழ்ப் பள்ளிகளிற் பயிலும் எமது பிள்ளைகள் செய்யக்கூடிய பயனுள்ள பணியாகும். இங்குள்ள பாடசாலைகளில் அவர்கள் வெப்பச் சுற்றோட்டத்தையும் கொரியோலிஸ் விசையையும் கற்கின்றனர். அவற்றுக்கு எமது மொழியிலும் பெயருண்டு, எமது கரையிலும் வரலாறுண்டு என்பதை அவர்கள் அறிய வேண்டும். நாளை ஊரின் நீரையும் நிலத்தையும் காக்கத் திட்டமிடுவோர்க்கு அக்குறிப்புகள் வேண்டியிருக்கும். அவற்றைச் சொல்லவல்லோர் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.